தரையில் வைத்த காப்பி

"கடுதாசி போட்டாச்சு. நேர்ல போய்ச் சொல்லியாச்சு. அதெல்லாம் போதாதாம். பொண்ணு கேட்டு வர்ற மாதிரி ஊர்ப் பெரியவங்க திரண்டு வரணுமாம், அந்த மகராசனுக்கு!"

ஹம்ரா நகராட்சித் தலைவர் நிதால், வேன் மலையேறும்போதே பொரிந்து தள்ளிக்கொண்டு வந்தார்.

கோபம் நியாயமானதுதான். ஆலிவ் அறுவடை தொடங்கியதிலிருந்து ஹம்ராவின் ஊற்றில் கறுப்பாகத் தண்ணீர் வருகிறது. மலைமேல் துலூல் ஊர் எல்லையில் இருக்கிற எண்ணெய் ஆலை ஒன்று, கழிவை அப்படியே ஓடையில் திறந்துவிடுகிறது. ஹம்ராக்காரர்களால் அதைக் குடிக்கவும் முடியவில்லை, மாதுளைத் தோப்புக்குப் பாய்ச்சவும் முடியவில்லை.

ஆலையை மூட வேண்டியவர் துலூல் நகராட்சித் தலைவர் அபு காலிப். மனுஷன் அசைந்து கொடுக்கவில்லை.

"மத்த ஆலையெல்லாம் அவங்க நகராட்சி வெட்டின குட்டைக்குத்தான் கழிவை அனுப்புது. இது ஒண்ணை மட்டும் ஏன் விட்டு வெச்சிருக்காரு? சும்மாவா?" என்றார் நிதால்.

"வாங்கியிருப்பாரு. வாங்காமலா?" என்றது பின்சீட்டு.

"அதுலயும் நம்ம ஷாக்கிர் ஹாஜியார்தான் முன்னால உக்காந்து கேக்கணும்னு ஒத்தைக்கால்ல நின்னாரு. இந்த வயசுல இவரை மலையேற வைக்கணுமா? என்ன திமிரு!"

முன்சீட்டில் இருந்த ஹாஜியார் கையமர்த்தினார். "விடு தம்பி. ஊர்த் தண்ணிக்காகத்தானே? எனக்கென்ன கௌரவம்?"

வேனே உருகிப்போனது. ஹம்ராவில் கல்யாணப் பேச்சானாலும் வெட்டுக்குத்துச் சமரசமானாலும் ஷாக்கிர் ஹாஜியார் வாய் திறந்தால் மறுபேச்சு கிடையாது.

அபு காலிப் வீட்டில் எல்லோரையும் கட்டித் தழுவி உட்கார வைத்தார்கள். முதல் காப்பி ஹாஜியாருக்கு. அவர் அதை வாங்கி, குடிக்காமல் தன் எதிரே தரையில் வைத்தார். கேட்டதைத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொல்லும்வரை யாரும் காப்பியைத் தொடமாட்டார்கள். சொல்லி, குடித்தும் விட்டால், கேட்டவரும் கொடுத்தவரும் பின்வாங்கக் கூடாது. எங்கள் மலையில் கோர்ட்டுத் தீர்ப்பைக்கூட மேல்கோர்ட்டில் மாற்றிவிடலாம், இதை மாற்ற முடியாது.

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். தண்ணீர் ஆண்டவன் கொடுத்தது, மேலே இருப்பவன் அழுக்காக்கினால் கீழே இருப்பவன் பிள்ளை அழும் என்றெல்லாம் பேசினார். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"ரொம்ப அழகாச் சொன்னீங்க ஹாஜியார். இப்ப நான் என்ன செய்யணும்?" என்றார் அபு காலிப்.

"நீங்க பார்த்து... தகுந்த நடவடிக்கை எடுக்கணும்."

"அது ஆபீஸ் பேச்சு. காப்பியைக் கீழ வெச்சுட்டுக் கேக்குற பேச்சு இல்லையே! தெளிவாக் கேளுங்க."

நிதாலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே இழுத்தடிக்கிறான் பாவி!

"கழிவைக் கொஞ்சம்... குறைக்கச் சொல்லணும்" என்றார் ஹாஜியார். நெற்றியில் வியர்வை.

"கொஞ்சம்னா எவ்வளவு? பாதி ஊரு குடிக்கலாம், பாதி ஊரு குடிக்கக் கூடாதா?"

யாரும் சிரிக்கவில்லை.

நிதால் ஹாஜியார் காதருகே குனிந்தார். ஆத்திரத்தில் அது எல்லோருக்கும் கேட்டது. "மூடச் சொல்லுங்க ஹாஜியார்! உங்க சொல்லை இவரு தட்டிடுவாரா, பார்த்துடலாம்!"

"ஆமா, மூடச் சொல்லுங்க!" என்றது கூட்டம்.

ஹாஜியார் தரையைப் பார்த்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"மூடணும்" என்றார் கடைசியில். "அந்த ஆலையை... மூடிடணும்."

"தந்தேன்!" அபு காலிப் எழுந்து நின்றுவிட்டார். "இன்னைக்கே பூட்டுறேன். கழிவைக் குட்டைக்கு அனுப்பக் குழாய் போடுறவரைக்கும் திறக்காது. நாளைக்கு உங்க ஆளு, எங்க ஆளு சேர்ந்து ஓடையைச் சுத்தம் பண்றோம். ரெண்டு நகராட்சி இருக்கலாம், ஓடை ஒண்ணுதானே? ஹாஜியார், காப்பியைக் குடிங்க!"

எல்லோர் கண்ணும் ஹாஜியார் மேல். அவர் குடித்தால்தான் மற்றவர்கள் குடிக்கலாம். கோப்பையை எடுத்து, மருந்து குடிப்பதுபோல ஒரே மடக்கில் விழுங்கினார். கூடம் ஆரவாரித்தது.

புறப்படும்போது ஹாஜியார் யாரிடமும் பேசாமல் முதலில் போய் வேனில் ஏறிக்கொண்டார். வாசலில் நிதால் மட்டும் நின்றார். ஜெயித்தாலும் ஆறவில்லை.

"ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. அதிகாரம் உங்க கையில இருக்கு. முன்னாடியே பூட்டியிருக்கலாமே? பெரிய மனுஷரைக் கெஞ்ச வெச்சுத்தான் செய்யணுமா?"

"பூட்டாமலா இருந்தேன்? நான் சீல் வெச்சுட்டு ஆபீஸுக்குத் திரும்புறதுக்குள்ள மேலிடத்துல இருந்து போன் வந்துடும், உடனே எடுன்னு."

"மேலிடத்துக்கு யாரு சொல்றது?"

"ஆலை முதலாளிதான். நடத்துறது பினாமி பேர்ல. ஆனா ஆளு ரொம்பச் செல்வாக்கு."

அபு காலிப் வேனின் முன்சீட்டைப் பார்த்து, மரியாதையாக நெஞ்சில் கை வைத்துத் தலை வணங்கினார்.

"இன்னைக்குத்தான் மனுஷன் ஊரையே கூட்டிட்டு வந்து, 'என் ஆலையை மூடிடுங்க'ன்னு கேட்டுட்டுப் போறாரு."