நாற்பத்தொன்றாம் குழாய்

நாற்பத்தொன்றாம் குழாயின் ரத்தத்தை அவள் மூன்றாவது முறையாக இயந்திரத்தில் வைத்தாள்.

மூன்றாவது முறையும் அதே எண்தான். இருக்க வேண்டியதைப் போல நான்கு மடங்கு.

கல்லீரல் கெடும்போதும் அதில் கட்டி முளைக்கும்போதும் உடம்பின் எதிர்ப்புச் செல்கள் சில புரதங்களை ரத்தத்தில் விடுகின்றன. அவற்றை அளந்தே நோயை முளையில் பிடித்துவிட முடியுமா என்பதுதான் ஆய்வு. அவள் அதன் லேப் டெக்னீஷியன்.

ஆனால் நாற்பத்தொன்று நோயாளிகள் பட்டியலில் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ரத்தம் கொடுத்த, ஒரு நோயும் இல்லாதவர்களின் பட்டியலில் இருந்தது.

“போன வாரம் சளி பிடிச்சிருக்கும். அந்த நம்பரை அடிச்சிட்டு அடுத்ததைப் பாரும்மா,” என்றார் தலைமை மருத்துவர்.

“சளிக்கு ஒண்ணு ஏறலாம் சார். இங்க மூணு புரதமும் ஏறியிருக்கு. அந்த ஆளைக் கூப்பிட்டு ஸ்கேன் எடுங்க.”

குழாய்களில் எண் மட்டுமே இருக்கும். பெயர்கள் அவருடைய அலமாரியில் பூட்டிக் கிடந்தன. ஆய்வு முடியும் முன் திறந்தால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று இழுத்தடித்தார்.

ஐந்து நாள் காலையிலும் மாலையிலும் அவர் அறை வாசலில் போய் நின்றாள். லேபில் அவளுக்கு உடும்பு என்று பட்டப்பெயர். சும்மா வைக்கவில்லை.

ஆறாம் நாள் அவர் சாவியை எடுத்தார். பெயரைத் தானே பார்த்தார், தானே போன் செய்தார். அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஸ்கேனில் பட்டாணி அளவு கட்டி.

வலி இல்லை, மஞ்சள் காமாலை இல்லை, பசி குறையவில்லை. இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் கத்தி வைக்கவே வழியிருந்திருக்காது என்றார் அறுவை மருத்துவர். கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து, இன்று, அதே ஆளின் ரத்தம் மறுபடி வந்தது. இயந்திரம் ஓடி முடிவதற்குள் கடிக்க அவளுக்கு நகம் மிச்சமில்லை.

மூன்று எண்களும் இறங்கியிருந்தன. சுத்தமாக.

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் ஏதோ உடைந்துவிட்டதென்று ஓடி வந்தார்கள். தலைமை மருத்துவர் தாளை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீ ஜெயிச்சுட்டம்மா. அவங்க வெளிய உட்கார்ந்திருக்காங்க. உன்னைப் பார்க்காம போக மாட்டேங்கிறாங்க.”

ஈரக் கையைக் கோட்டில் துடைத்தபடி வராந்தாவுக்கு ஓடினாள்.

பெஞ்சிலிருந்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் எழுந்தார்.

அவள் கால் அப்படியே நின்றுவிட்டது.

“வாசல் நோட்டீஸ்ல ரத்தம் குடுக்க ஆள் பத்தலைன்னு போட்டு, அடியில உன் பேரும் இருந்துச்சு. எனக்குத்தான் ஒரு நோவும் இல்லியே, உன் வேலைக்கு ஆகட்டும்னு கையை நீட்டிட்டுப் போனேன்,” என்றார் அந்தப் பெண்மணி. “தெரிஞ்சா வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு பயம்.”

“அத்தை,” என்றாள் அவள். கட்டிக்கொண்டாள்.

அவருடைய மகனை அவள் விவாகரத்து செய்து ஏழு வருடமாகியிருந்தது.