சத்தம் மட்டும் வரவில்லை

அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவள். அக்கா இறந்தபின் அந்த வீட்டில் துணையென்று மிஞ்சியது, அக்கா பாடிப் பதிவுசெய்த ஒரே ஒரு சிடிதான். வேலை விட்டு வந்ததும் கம்ப்யூட்டரில் அதை ஓடவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவாள். சில நாட்களாகச் சிடி சுற்றியது, திரையில் பாட்டின் வினாடிகளும் நகர்ந்தன. சத்தம் மட்டும் வரவில்லை.

விடுமுறையன்று மெக்கானிக் வந்து பெட்டியைத் திறந்தார். சிடி டிரைவிலிருந்து சவுண்ட் கார்டுக்குப் போகும் மெல்லிய ஒயர் கழன்று கிடந்தது.

"இவ்வளவுதாம்மா விஷயம்" என்று அதைச் செருகினார். பிறகு சிடியை வெளியே எடுத்து, துணியால் துடைத்தார்.

அப்போது ஸ்பீக்கரில் அக்காவின் குரல் கேட்டது. அது பாடவில்லை.

"யாருடி வந்திருக்கறது?"

மெக்கானிக் கையிலிருந்த சிடியைப் பார்த்தார். காலியாக நீட்டிக்கொண்டிருந்த டிரைவைப் பார்த்தார். "ஏம்மா, இதுல ரேடியோ எதுவும் ஓடுதா?"

அவளுக்குப் பயம் வரவில்லை. இந்த வீட்டில் அவளை ஒருவர் கேள்வி கேட்டு எத்தனை காலமாயிற்று!

"ரிப்பேர் பண்ண வந்தவரு, அக்கா" என்றாள், ஸ்பீக்கரைப் பார்த்து. "இதோ, கிளம்பிடுவாரு."