ஏழாம் நம்பர் குழாய்

தொண்ணூற்று நாலு பங்குனியில் திருச்சுழிப் பக்கம் வீராயியின் பன்னிரண்டு பன்றிகளுக்குப் புதுக் கோமாரி ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். முந்தின வருஷம் கோமாரியில் பாதி மந்தையைப் பறிகொடுத்தவள் அவள். அந்த ஊசியில் முழுக் கிருமி கிடையாது. அதன் புரதத்தில் ஒரு துணுக்கை மட்டும் ஆய்வகத்தில் செய்திருந்தார்கள்.

"உசுரில்லாத துணுக்கும்மா. ஆனா ஒடம்பு அதை மறக்காது" என்றார், ஊசி வேலை செய்கிறதா என்று பார்க்க வாராவாரம் ரத்தம் எடுக்க வரும் அப்பாசாமி.

மறுநாளே ஏழாம் நம்பர் பன்றி பாம்பு கடித்துச் செத்தது. அவரே கூட நின்று, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்.

வாராவாரம் கண்ணாடிக் குழாய்களில் முன்கூட்டியே நம்பர் எழுதிவைப்பது அவர் வழக்கம். கைப்பழக்கத்தில் ஏழும் எழுதிவிடுவார். அது பெட்டியில் காலியாகவே ஆய்வகத்துக்குப் போகும்.

நாலாம் வாரம் ஆய்வகத்துத் தாள் வந்தது. ஏழாம் நம்பருக்கும் எதிர்ப்புச் சக்தி அளவு போட்டிருந்தது. வாரத்துக்கு வாரம் ஏறியிருந்தது; மற்ற பதினொன்றையும்விட அதிகம்.

அடுத்த முறை ரத்தம் எடுக்க வந்தபோது, காலியாக இருந்த ஏழாம் குழாயைப் பெட்டியில் வைக்காமல், மூடியை இறுக்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பதினொரு பன்றிக்கும் ரத்தம் எடுத்து முடித்தார்.

"அம்புட்டுத்தானம்மா?"

"அம்புட்டுத்தான் சார்" என்ற வீராயி அவர் நெஞ்சையே பார்த்தாள். "பையில என்ன சார், செவப்பா?"

குனிந்து பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. சட்டைப் பை வெதுவெதுவென்று கனத்தது.