முள்ளம்பன்றிக்குப் போன கிழங்கு

"இன்னைக்கும் வந்திருக்குங்க" என்று மனைவி நாகலெட்சுமி முள்ளம்பன்றி முள் ஒன்றை நீட்டினாள். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சாண் நீளம் இருந்தது.

வீரய்யா அதைக் கையில்கூட வாங்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னாலிருந்த தன் பாத்திக்கு ஓடினான். ஓரத்து வரிசையில் இரண்டு உருளைக்கிழங்குச் செடிகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. அடியில் கிழங்கு ஒன்றுகூட இல்லை.

"கொறிச்சுப் போட்ட துண்டாவது கெடக்குதா பாரு. முழுசா முழுங்குது சனியன்."

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டு இல்லை, சம்பளம் இல்லை. தோட்டத்தில் கொடுக்கும் அரிசியையும் துரை நிறுத்திவிட்டார். அவர் இறங்கி வரும்வரை வீட்டிலுள்ள நாலு வயிற்றுக்கும் இந்தக் கிழங்குதான் என்று வீரய்யா நம்பியிருந்தான்.

பூச்சி புழுவுக்கெல்லாம் அசராதவன் அவன். முட்டைக்கோவாவில் புழு விழுந்தபோது புகையிலைத் தண்ணீர் தெளித்தான். நத்தைக்குச் சுண்ணாம்பு தூவினான், செடிப்பேனுக்குச் சாம்பல் தூவினான். இந்த முள்ளம்பன்றியிடம்தான் எதுவும் பலிக்கவில்லை. சுற்றிலும் முள் வெட்டிப் போட்டு அடைத்தான். காலி டின்களைக் கயிற்றில் கோத்து வேலியெங்கும் தொங்கவிட்டான். டின் ஒருநாளும் சத்தம் போடவில்லை. கிழங்கு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"பக்கத்துக் காம்பராக்காரன் பாத்திக்கு மட்டும் போவ மாட்டேங்குது பாத்தியா" என்றான்.

"அவங்க பாத்தியில என்னங்க இருக்கு? காஞ்சுபோன போஞ்சிக் கொடிதான். அந்த மனுசன் காய்ச்சல்ல விழுந்து கெடக்குறாரு, யாரு பாக்குறது?"

"கெடக்கட்டும்."

சுவரொட்டிய பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்தவன் கந்தப்பன். போன மழைக்கு அவன் வெட்டிவிட்ட கான் வழியாகத் தண்ணீர் பாய்ந்து வீரய்யாவின் கரட் கிழங்குப் பாத்தி முழுவதையும் அடித்துக்கொண்டு போனது. லயமே கூடி நிற்க இருவரும் வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டார்கள். அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கந்தப்பன் வீட்டுக்குத் தன் வீட்டிலிருந்து ஒரு நெருப்புக் குச்சிகூடப் போகக்கூடாது என்று நாகலெட்சுமியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

சாயங்காலம், முயலுக்குக் கண்ணி வைக்கும் அழகனிடம் கம்பிச் சுருக்குகளை இரவல் வாங்கி வந்து பாத்தியைச் சுற்றிப் பதித்தான்.

நாகலெட்சுமி பின்னாலேயே வந்தாள். "எங்கெங்க வச்சிருக்கீங்கன்னு காட்டிருங்க. வெள்ளன தண்ணிக்குப் போறப்ப கால விட்றப் போறேன்."

ஒவ்வொன்றாகக் காட்டினான்.

விடிந்ததும் போய்ப் பார்த்தான். சுருக்குகள் வைத்தது வைத்தபடி இருந்தன. அவற்றுக்கு நடுவில் இரண்டு செடிகள் பிடுங்கப்பட்டுக் கிடந்தன. பக்கத்தில் ஒரு முள்.

வீரய்யா ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். பனியில் விறைத்துக் கம்பி முறுக்கிய விரல்கள் இன்னும் வலித்தன. ஒரு மிருகம் தன்னை இப்படி ஏமாற்றுகிறதே என்று நினைக்க நினைக்கக் கண் கலங்கியது.

"நாம அரை வயிறும் கால் வயிறுமாக் கெடக்குறோம். இதத் தின்னுற சனியன் குட்டி குடும்பத்தோட நாசமாப் போகணும்."

"அப்புடிச் சொல்லாதீங்க" என்றாள் நாகலெட்சுமி பதறிப்போய். "அதுவும் வயித்துக்குத்தானே தின்னுது."

வீரய்யா எழுந்து மண்வெட்டியை எடுத்தான்.

"என்ன செய்யப் போறீங்க?"

"எல்லாத்தையும் தோண்டிரப் போறேன். ஒரு செடிகூட மிச்சம் வைக்க மாட்டேன்."

"எல்லாம் பிஞ்சுங்க. இன்னும் கொஞ்ச நாளு விட்டாப் பெருக்கும்."

"பெருத்து யாருக்கு?"

வீரய்யா வெறி பிடித்தவன்போல் வெட்டினான். ஒவ்வொரு செடியின் அடியிலிருந்தும் கோலிக்குண்டு அளவில் நாலைந்து வந்தன. சில மண்வெட்டி பட்டு இரண்டாகப் பிளந்தன. பிளந்ததைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் இன்னும் ஏறியது.

"பாதியயாவது விடுங்க" என்று கெஞ்சினாள் நாகலெட்சுமி.

"நீ பேசாம பொறுக்கிச் சாக்குல போடு."

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. கந்தப்பனின் மனைவி அம்மாக்கண்ணு. இடுப்பில் கைக்குழந்தை இருந்தது. சண்டைக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் வேலியருகே வந்ததில்லை.

நாகலெட்சுமிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அம்மாக்கண்ணு, நீ வீட்டுக்குப் போ. நான் அப்பறமா வாரேன்."

"இருக்கட்டும் அண்ணி. அண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன்."

வீரய்யா தலையைத் தூக்காமலே, "என்ன?" என்றான். அவளும் சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தான்.

அம்மாக்கண்ணு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு இன்னைக்குத்தாண்ணே எந்திரிச்சு உக்காந்தாரு. எங்களுக்காக இப்புடி எல்லாத்தையும் தோண்டாதீங்கண்ணே. தெனமும் அண்ணி கையில நீங்க குடுத்தனுப்புறதே எங்களுக்குப் போதும்."