பதினேழாவது கவர்

"சொந்த அண்ணனுக்கே செய்யாதவ, வேற யாருக்குச் செய்யப்போற?"

விபத்துப் பிரிவு வாசலில் அண்ணி போட்ட சத்தத்தில், போய்க்கொண்டிருந்த நர்ஸுகள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர், தன் கோட்டுப் பைக்குள் கைகளை விட்டபடி நின்றாள்.

டாக்டரின் அண்ணனுக்குக் கிடங்கு வேலை. காலையில் சரக்கு வண்டி பின்னால் வந்து அவர் காலில் ஏறிவிட்டது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தது. காயம் முழுக்க மண்ணும் கிரீஸும். இந்த மாதிரிக் காயத்தில் கிருமி புகுந்தால் கால் போகும். சில சமயம் ஆளே போய்விடுவான்.

கிருமியைத் தடுக்கப் பழைய ஊசி நல்லதா, புதிதாக வந்த ஊசி நல்லதா என்று மூன்று வருடமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்ததே இந்தத் தங்கைதான்.

யாருக்கு எந்த ஊசி என்பது அவள் கையில் இல்லை. ஒட்டிய கவர்கள் எண் வரிசையில் இருக்கும். சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவருக்கு அடுத்த கவரை நர்ஸ் பிரிப்பார். உள்ளே எழுதியிருப்பதுதான் ஊசி.

"இஷ்டம் இல்லேன்னா வேண்டாம்ணா. வழக்கமான வைத்தியம் பண்ணிடுவாங்க," என்று சொல்லிப் பார்த்தாள்.

"என் தங்கச்சி ஆராய்ச்சிக்கு நானே வரலேன்னா வேற எவன் வருவான்? பேனாவைக் கொடு பாப்பா."

அவளுக்கு நாற்பது வயதாகியும் அவருக்கு அவள் பாப்பாதான்.

பதினேழாவது கவர். பழைய ஊசி.

அங்கேதான் அண்ணிக்குப் பற்றிக்கொண்டது.

"அடுத்த கவரைப் பிரிச்சுப் பாரு. புது மருந்து இருந்தா அதைப் போடச் சொல்லு."

"அது அடுத்து வர்றவங்களுக்கு, அண்ணி."

"அடுத்து வர்றவன் என்ன உன் கூடப்பிறந்தவனா?"

"புதுசு நல்லதுன்னு தெரிஞ்சா நான் எதுக்கு மூணு வருஷமா மண்டையை உடைச்சுக்கறேன்? எனக்கே தெரியாது அண்ணி."

"தெரியாதாம்! அப்புறம் என்ன படிச்ச?"

அரை மணி நேரத்தில் ஒரு கொத்தனாரைக் கொண்டுவந்தார்கள். சாரம் சரிந்து விழுந்து முழங்கைக்குக் கீழே எலும்பு வெளியே வந்திருந்தது. பதினெட்டாவது கவர். புது ஊசி. படுக்கையும் அண்ணனுக்குப் பக்கத்திலேயே அமைந்துவிட்டது.

மூன்றாம் நாள் அண்ணன் காயத்தில் சீழ் வைத்தது. காய்ச்சல் நூற்று மூன்று. இரண்டு முறை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்தார்கள். கொத்தனார் எழுந்து உட்கார்ந்து, ஒற்றைக் கையால் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வந்தால் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் போனில் பேசும்போது மட்டும் டாக்டருக்குக் கேட்கிற மாதிரியே பேசினாள்.

"ஆமாங்க, கூடப்பிறந்த தங்கச்சிதான். கல்லு. சொல்லி என்ன பிரயோஜனம்?"

அந்த வாரத்துக்குள் சொந்தம் முழுக்கச் செய்தி போய்விட்டது. சித்தப்பா போன் செய்து திட்டினார். மாமா போன் செய்து திட்டக்கூட இல்லை, வைத்துவிட்டார். டாக்டர் மாடிப்படியில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ரவுண்ட்ஸுக்குப் போனாள்.

இரண்டாவது வாரம் அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டது. அதே வாரம் கொத்தனாருக்குச் சிறுநீர் குறைந்தது. முகம் வீங்கியது. ரத்தப் பரிசோதனை செய்ததில் சிறுநீரகம் அடிபட்டிருந்தது. அவருக்குப் பிறகு புது ஊசி போட்டவர்களில் மூன்று பேருக்கும் இதே கதைதான்.

அன்றே ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தாள். மூன்று வருட உழைப்பு ஒரு பக்கக் கடிதத்தில் முடிந்தது. பிறகு கொத்தனாரின் மனைவியிடம் போனாள்.

"நாங்க போட்ட ஊசியாலதான் இப்படி ஆயிருக்கு. மறைக்க விரும்பலை."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"உங்க அண்ணனுக்கும் இதே மாதிரிக் கவர்தானே பிரிச்சீங்க?"

"ஆமா."

"அதுல இந்த ஊசி வந்திருந்தா?"

"அவருக்கும் இதைத்தான் போட்டிருப்போம்."

"சரி, இப்ப என்ன செய்யணுமோ செய்ங்க. இவரைப் பொழைக்க வச்சுக் கொடுங்க."

நான்கு முறை டயாலிசிஸ் ஆயிற்று. மூன்றாவது வாரம் சிறுநீரகம் மெல்ல வழிக்கு வந்தது. கொத்தனார் வீட்டுக்குப் போன அன்று டாக்டர் வாசல் வரை கூடவே நடந்தாள். அண்ணன் அதற்கு முன்பே ஊன்றுகோலோடு வீடு போய்ச் சேர்ந்திருந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பை நிறையப் பழங்களோடு டாக்டர் வீட்டுக்கு அண்ணி வந்தாள். வாய் நிறையச் சிரிப்பு.

"எங்க அக்கா மருமகன் ஏணியிலேருந்து விழுந்துட்டான் பாப்பா. உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவர்றாங்க. நீ வேற ஏதோ மருந்து ஆராய்ச்சி ஆரம்பிச்சிருக்கியாமே? உங்க அண்ணனுக்கு அந்தக் கெட்ட ஊசி வராமப் பார்த்துப் பண்ணின மாதிரியே இவனுக்கும் பண்ணிடு."

"அண்ணனுக்கு நான் ஒண்ணும் பண்ணலையே அண்ணி! கவர்ல வந்ததைத்தானே போட்டாங்க?"

அண்ணி ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தெரியும் பாப்பா, நீ வெளியில அப்படித்தான் சொல்லணும். நம்ம சொந்தக்காரங்களைத் தவிர வேற யார்கிட்டயும் நான் மூச்சு விடலை!"