கடைக்கு ஏத்த பொண்ணு

“இதையும் சேர்த்து அந்தப் புதுப் பொண்ணை அடுக்கச் சொல்லுங்கண்ணே. சாயங்காலம் நான் வந்து அலமாரியைப் பார்க்கறேன். அதை வெச்சுத்தான் வேலையில சேர்க்கறதா வேண்டாமான்னு முடிவு.”

முதலாளியம்மா நீட்டிய இருமல் மருந்தைத் திருப்பிப் பார்த்தார் கடையின் சீனியர் ஊழியர். தேதி முடிந்த சரக்கு. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

இவளுடைய அப்பாவும் அவருக்கு இதே பரீட்சைதான் வைத்தார். அன்று தேதி முடிந்த ஒரு பாட்டிலை அடுக்கத் தயங்கினார். அப்புறம் இந்த மருந்துக் கடையில் எதற்கும் தயங்கவில்லை. மகள் பொறுப்புக்கு வந்ததுமே உள்ளறையில் கிடந்த பழைய மருந்துப் பெட்டிகளை வண்டியில் ஏற்றி அனுப்பினாள். வேறெங்கோ விற்றுத் தள்ளிவிட்டாள், அப்பனை மிஞ்சிய கெட்டிக்காரி என்று நினைத்தார்.

புதுப் பெண் அந்தப் பாட்டிலை மட்டும் தனியே வைத்தாள்.

“தேதி முடிஞ்சிருச்சுண்ணே.”

“லேபிளைச் சுவர்ப் பக்கம் திருப்பி வெச்சா யாரு பார்க்கப்போறா?”

“யாரும் பார்க்க மாட்டாங்க. வாங்கிட்டுப் போய்ப் பிள்ளைக்குக் குடுப்பாங்க.”

அவருக்குச் சுருக்கென்றது. இந்தப் பெண்ணுடைய புருஷன் படுத்த படுக்கை. இந்த வேலையை நம்பித்தான் வீடே இருக்கிறது. பிழைக்கத் தெரியாதவள், நாமாவது காப்பாற்றுவோம் என்று மனசு இளகிப்போனார்.

அவள் சாப்பிடப் போன சமயம் பாட்டிலை எடுத்து, லேபிளைத் திருப்பி, அவரே அலமாரியில் வைத்தார்.

சாயங்காலம் முதலாளியம்மா நேராக அலமாரிக்குத்தான் வந்தாள்.

“அந்தப் பொண்ணா வெச்சுது?”

“மறுபேச்சே இல்லம்மா. நம்ம கடைக்கு ஏத்த பொண்ணு.”

அவள் முகம் சுருங்கியது. பாட்டிலை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

“நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லிடுங்க. அப்பா பண்ணின பாவமே போதும்.”

சீனியருக்கு அப்போதுதான் புரிந்தது. தன் வேலை போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தார்.

“அம்மா, அவ வைக்க மாட்டேன்னுட்டா. நான்தாம்மா வெச்சேன். சத்தியமா.”

முதலாளியம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“உங்க சத்தியத்தை இந்தக் கடையில யாருண்ணே நம்புவா?”