பிரிசில்லாவுக்கு அஞ்சலி

கல்லூரிப் பழைய மாணவிகள் கூட்டத்தில், இறந்துபோன பிரிசில்லாவின் போட்டோ மாலைக்குள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது.

“என்னடி கோபம்? அமைதியானவள், அடக்கமானவள்னு எவ்வளவு அழகாப் பேசினாங்க!” என்றது மைக்.

“பக்கத்துப் போட்டோவுக்கும் அதையேதானே பேசினாங்க? என்னை ஒருத்திக்கும் ஞாபகமில்லை.”

“செத்தவங்க எல்லாருக்கும் என்கிட்ட ஒரே பேச்சுதான், போ.”

பிரியாணி வாசனை வரவும், எல்லாரும் அவசரமாக மௌன அஞ்சலிக்கு எழுந்தார்கள். கடைசி வரிசையில் ரெஜினா தன் நரைத்த பின்னலைத் தொட்டாள். களுக்கென்று சிரித்துவிட்டாள்.

“சேப்பல்ல ஜெபம் நடக்கும்போது என் பின்னலைப் பெஞ்சோட கட்டிவிட்ட கழுதைடி இவ!” என்றவள், அப்படியே அழ ஆரம்பித்தாள்.

“மௌன அஞ்சலியில சிரிப்பா? வெட்கங்கெட்டவ!” என்று மைக் கீச்சிட்டது.

“நீ வாயை மூடு,” என்றது போட்டோ. “எனக்கு இப்பத்தான் அஞ்சலி நடக்குது.”